காலில் செம்புள்ளி, வயிற்றில் வலி: எச்எஸ்பி வந்த குழந்தையின் குடலைக் கவனிப்பது எப்படி

குழந்தையின் கால் முழுக்கச் செந்நீலப் புள்ளிகளைப் பார்த்துப் பதறித்தான் பெரும்பாலான பெற்றோர் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். பார்க்கத்தான் பயங்கரம், அந்தப் புள்ளிகள் தாமாகவே மங்கிப் போகும். முதல் சில வாரங்களில் ஆபத்து வருவதென்றால் குடலிலிருந்து வரும். சிறுநீரகப் பாதிப்பு சத்தமில்லாமல் பின்னால் வரும். எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வயிற்றைப் பார்க்கத் தவறுவதுதான் இந்த நோயில் அடிக்கடி நடக்கும் பிழை.

நோயின் பெயர் ஹெனாக்-ஷோன்லைன் பர்ப்யூரா. வார்டில் எச்எஸ்பி என்பார்கள். 2012-இல் சாப்பல் ஹில் மாநாட்டு வகைப்பாடு இதற்கு ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் என்று பெயர் மாற்றியது. டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் நோய் ஒன்றுதான்: ஐஜிஏ என்ற எதிர்ப்புரதம் சிறு ரத்தக்குழாய்களின் சுவரில் படிந்து, அவை வீங்கிக் கசிவது. குழந்தைகளுக்கு வரும் ரத்தக்குழாய் அழற்சிகளில் இதுதான் மிகச் சாதாரணம். 3 முதல் 15 வயதுக்குள் வரும். 4 முதல் 7 வயதில் அதிகம். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு சளி, தொண்டை வலி இருந்திருக்கும்.

முதலில், இது அதுதானா?

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள். எவர்சில்வர் உதவாது, உள்ளே தெரிய வேண்டும். வியர்க்குரு, ஒவ்வாமைத் தடிப்பு எல்லாம் அழுத்தினால் வெளுக்கும். எச்எஸ்பி புள்ளி வெளுக்காது, ஏனென்றால் ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்துவிட்டது. விரலால் தடவினால் லேசாகப் புடைப்பாகத் தட்டும். இடமும் முக்கியம்: கணுக்கால், முழங்காலுக்குக் கீழ், பிட்டம், சாக்ஸ் எலாஸ்டிக் இறுக்கும் கோடு. உடம்பின் பாரமும் அழுத்தமும் விழும் இடங்களில்தான் கூட்டமாக வரும்.

அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்திருந்து நாலு நாள் கழித்து வருவது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் இருக்கும், அது வயிற்றிலும் மார்பிலும் தொடங்கும். இதில் நீர்க் கொப்புளம் அபூர்வம்.

டம்ளர் சோதனையில் வெளுக்காத புள்ளிகளுடன் கடும் காய்ச்சலும் சோர்வும் இருந்தால், எச்எஸ்பி என்று நாமே முடிவுகட்டக் கூடாது. மெனிங்கோகாக்கஸ் கிருமித் தொற்றிலும் இப்படி வரும், அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. டெங்குவிலும் புள்ளியும் வயிற்று வலியும் சேர்ந்து வரலாம். அங்கே பிளேட்லெட் எண்ணிக்கை சரியும். எச்எஸ்பியில் அது சரியாகவோ சற்றுக் கூடவோ இருக்கும். ஆகவே முதல் நாளே ஒரு முழு ரத்த எண்ணிக்கையும் ஒரு சிறுநீர்ச் சோதனையும் எடுத்துவிட வேண்டும்.

புள்ளி வருவதற்கு முன்பே வயிற்று வலி தொடங்குவதும் உண்டு. ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்கு அப்படித்தான். ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும், வலிக்குக் காரணமே தெரியாது. அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து அறுவை செய்து, மூன்றாம் நாள் காலில் புள்ளி வந்த குழந்தைகள் மருத்துவ இதழ்களில் நிறைய. காரணம் புரியாத வயிற்று வலி இருக்கும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது கணுக்காலையும் பிட்டத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நல்ல பழக்கம்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

தோலில் நடக்கும் அதே கசிவு குடல் சுவரிலும் நடக்கிறது. எச்எஸ்பி வந்த குழந்தைகளில் பாதி முதல் முக்கால் பங்கினருக்கு ஏதாவது ஒரு அளவில் வயிற்றுத் தொந்தரவு வரும். சிறுகுடலின் மேற்பகுதியான டியோடினத்திலும் கடைப்பகுதியான இலியத்திலும் பாதிப்பு அதிகம். சுவர் வீங்கித் தடிக்கிறது, உள்படலத்துக்கு அடியில் ரத்தம் கட்டுகிறது, மேலே புண் வருகிறது. சாப்பாடு இறங்கியதும் குடலுக்கு அதிக ரத்தம் தேவைப்படும். வீங்கிய குழாய்களால் அதைக் கொடுக்க முடியாது. அதனால்தான் சாப்பிட்ட சற்று நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கிறது.

பெரும்பாலும் இத்தோடு அடங்கிவிடும். அடங்காதபோது பயப்பட வேண்டியது முக்கியமாகக் குடல் செருகல். கட்டியிருக்கும் ரத்தம் ஒரு முடிச்சுபோல நிற்க, குடலின் அசைவு அதைப் பிடித்து முன்னே தள்ளும். சட்டைக் கையைக் கழற்றும்போது பாதி உள்ளே மடிந்து மாட்டிக்கொள்வது போல, குடல் குடலுக்குள்ளேயே நுழைந்துவிடும். உள்ளே மாட்டியதன் சிரை முதலில் நசுங்கும்; வீக்கம் கூடும், ரத்தம் கசியும். பிறகு தமனியும் அடைபடும். அதன்பின் அந்தத் துண்டு அழுகித் துளை விழும். எச்எஸ்பி வந்த 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இந்தச் செருகல் வரும். துளை விழுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் கவனிக்க ஒரு நோட்டுப் புத்தகம்

வலி கடுமையாக இல்லை, குழந்தை குடிக்கிறது, மலத்தில் ரத்தம் இல்லை என்றால் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பலாம். அப்போது "வயிறு வலிக்குதா கண்ணு?" என்று மணிக்கொரு தரம் கேட்பதால் பயனில்லை. கேட்டால் குழந்தை ஆமாம் என்றுதான் சொல்லும். எழுதி வையுங்கள். எப்போது வந்தது, எவ்வளவு நேரம், என்ன செய்தான், இடைவெளியில் எப்படி இருந்தான்: இவ்வளவு போதும்.

"10.20, ஐந்து நிமிடம், முழங்காலை மடக்கிச் சுருண்டான். 10.40, மறுபடி, கத்தினான், முகம் வெளுத்தது. நடுவில் பொம்மை வைத்து விளையாடினான். 11.05, வாந்தி."

இப்படி 15, 20 நிமிட இடைவெளியில் அலை அலையாக வந்து, நடுவில் குழந்தை முழுக்க நன்றாக இருந்தால், அது செருகலின் நடை. பணியில் இருக்கும் மருத்துவருக்கு இந்த நாலு வரி பத்து நிமிட விவரிப்பைவிட அதிகம் சொல்லும். இடைவெளியில் விளையாடுகிறான் என்பதால் "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமாக ஏமாறும் இடம். ஆனால் பெரிய குழந்தைகளில் நடை எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. நேற்று வரை வந்த வலிக்கும் இன்றைய வலிக்கும் வித்தியாசம் தெரிந்தாலே போதும், காட்டிவிடுங்கள்.

மலத்தை ஃப்ளஷ் செய்யும் முன் பாருங்கள், முடிந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். பளிச்சென்ற சிவப்பு, கருஞ்சிவப்பு ஜெல்லி போன்ற சளி, தார் போல் கறுத்துப் பிசுபிசுப்பாக ஒட்டும் மலம் ஆகிய மூன்றுமே ரத்தம். இரும்புச்சத்து டானிக் குடிக்கும் குழந்தையின் மலமும் கறுக்கும். ஆனால் அது பளபளக்காது, அந்த முடை நாற்றமும் இருக்காது. பீட்ரூட்டும் சிவப்பு டிராகன் பழமும் சாப்பிட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், வீண் பதற்றத்தைத் தவிர்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவுக்கு ஆய்வகத்தில் மறைரத்தச் சோதனை உண்டு. வயிற்று வலி வந்த குழந்தைகளில் பலருக்கு அது பாசிட்டிவாக வரும், அது மட்டுமே அபாய அறிகுறி ஆகாது.

வாந்தியை வெள்ளைப் பாத்திரத்தில் பிடியுங்கள். மஞ்சளாக வந்தால் காலி வயிற்றில் வரும் சாதாரண வாந்தியாக இருக்கலாம். கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் பச்சையாக வந்தால் பித்தநீர். கீழே எங்கோ வழி அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

உடனே கிளம்ப வேண்டியவை

பச்சை வாந்தி. மலத்திலோ வாந்தியிலோ ரத்தம். அலை அலையாக அடிக்கும் வலி. வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல் இருப்பது. 8 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது. கை கால் சில்லிட்டு, நெற்றியில் அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேலாவது. எழுந்து நின்றால் தலைசுற்றல். இவற்றில் ஒன்று போதும், காலை ஓபிக்குக் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முறுக்கு வலி வந்த குழந்தை உருளும், புரளும், இடம் மாறும். குடலில் துளை விழுந்த குழந்தை அசையாமல் படுத்திருக்கும்; இருமக்கூடப் பயப்படும், மேல்மூச்சு வாங்கும், வயிறு பலகையாகக் கெட்டிக்கும். இவ்வளவு நேரம் கத்திய குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டது என்றால், "தேவலையாகிவிட்டது" என்று விடாமல் வயிற்றில் மெல்லக் கை வைத்துப் பாருங்கள்.

கிளம்பும்போதிலிருந்தே வாய்வழியாக எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை, செய்யக் கூடாதவை

குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை உருவி விடுவதும் குழந்தையைத் துணியில் போட்டு உலுக்குவதும் இந்த நோயில் மிக ஆபத்து. ரத்தம் ஊறி நைந்துபோன குடல் சுவர் அது, அழுத்தினால் கிழியலாம். "சூடு" என்று விளக்கெண்ணெய் கொடுப்பதும், மலச்சிக்கல் என்று எனிமா வைப்பதும் அதே வகை. பூச்சி மாத்திரை கெடுதல் செய்யாது, ஆனால் அது வேலை செய்யும் என்று காத்திருக்கும் இரண்டு நாள்தான் கெடுதல்.

மூட்டு வலிக்கு இபுபுரூஃபன் கொடுக்கும் வழக்கம் உண்டு. வயிற்று வலியோ மலத்தில் ரத்தமோ சிறுநீரில் கோளாறோ இருந்தால் அது வேண்டாம்; புண்ணைக் கிளறும், சிறுநீரகத்தையும் நெருக்கும். மெஃபனமிக் அமிலம் சேர்ந்த சிரப்புகளும் அதே இனம்தான், லேபிளைப் படியுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. வலிக்குப் பாரசிட்டமால்: எடையில் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் போகாமல். 20 கிலோ குழந்தைக்கு 300 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் அது 6 மி.லி.; 120 மி.கி. உள்ளதில் 12.5 மி.லி. இரண்டு பாட்டிலும் வீட்டில் இருந்து அளவு மாறிப்போவது அடிக்கடி நடக்கும்.

மருத்துவமனையில்: ஸ்கேன் முதலில்

கேட்க வேண்டிய முதல் பரிசோதனை வயிற்று அல்ட்ராசவுண்ட். ஏன் என்றால், இரண்டு வயதுக்குக் கீழ் சாதாரணமாக வரும் செருகல் சிறுகுடல் பெருங்குடலுக்குள் நுழைவது. எச்எஸ்பியில் பாதிக்கு மேல் சிறுகுடல் சிறுகுடலுக்குள்ளேயே நுழைகிறது. ஆசனவாய் வழியாகக் காற்றோ மருந்தோ செலுத்திப் படம் எடுத்தால் அந்த இடம் வரை எட்டாது. "நார்மல்" என்று வந்துவிடும். அல்ட்ராசவுண்டில் குறுக்கே பார்த்தால் வளையத்துக்குள் வளையமாக, வெட்டிய வெங்காயம் போல் தெரியும். சுவரின் தடிமனும் (இயல்பில் 3 மி.மீ.க்குள்), டாப்ளரில் ரத்த ஓட்டமும் அதிலேயே கிடைக்கும்.

ஒரு ஸ்கேன் சரியாக இருந்தது என்பது அந்த நேரத்துக்கு மட்டும்தான். செருகல் வரும், தானே விலகும், மறுபடி வரும். காலையில் சரியாக இருந்து மாலையில் வலியின் நடை மாறினால் மாலையிலும் எடுக்க வேண்டும். வலி வந்திருக்கும் நேரத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. "காலையில்தானே பார்த்தோம்" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. மரியாதையாக, நோட்டைக் காட்டி மறுபடி கேளுங்கள்.

துளை விழுந்த சந்தேகம் இருந்தால் நிமிர்ந்த நிலையில் எக்ஸ்ரே. உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியும். வாயு மறைத்து ஸ்கேன் தெளிவில்லாமல் போனால் சிடி. ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஆல்புமின் (ரத்தப் புரதம்), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), உப்புச் சத்துகள், லைபேஸ் (கணையத்துக்கு). கூடவே ரத்த வகை பார்த்து வைப்பார்கள். ரத்தம் போன உடனே ஹீமோகுளோபின் இறங்காது, டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் உண்மை எண் தெரியும். ஆகவே முதல் எண்ணை நம்பி அசட்டையாக இருக்க முடியாது. நாடித்துடிப்பு அதற்கு முன்பே ஏறிச் சொல்லிவிடும்.

ஸ்டீராய்டு: என்ன செய்யும், என்ன செய்யாது

கடும் வயிற்று வலிக்குப் பிரெட்னிசலோன் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. நாளுக்கு என்பது வழக்கம். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு வீங்கிய குடல் மாத்திரையை உறிஞ்சாது, நரம்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பலருக்கு ஒன்றிரண்டு நாளில் வலி தணியும். இது வலி நாட்களைக் குறைக்கும். சிறுநீரகப் பாதிப்பைத் தடுக்கும் என்று நினைத்து எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் அமுக்கும். குடல் துளைத்திருந்தாலும் வயிறு கெட்டிக்காமல் இருக்கலாம். அதனால் முதல் ஊசிக்கு முன்பே ஸ்கேன் எடுத்து, செருகலும் துளையும் இல்லை என்று பார்த்துவிடுவது நல்லது. குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவருக்கும் அப்போதே தகவல் சொல்லி வைக்க வேண்டும். அவர் இல்லாத இடம் என்றால், நிலைமை மோசமாகும் முன் மாற்றிவிடுவதே சரி.

வலி நின்றதும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு, மறுபடி மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. மூன்றாம் நாளே வலி பழையபடி அடிக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள், அந்தச் சீட்டை ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள். இந்த நாட்களில் சின்னம்மை வந்தவர் பக்கத்தில் குழந்தை இருந்தால் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டுக்கும் அடங்காத குடல் பாதிப்புக்கு மெத்தில்பிரெட்னிசலோன் அதிக அளவில், இம்யூனோகுளோபுலின் என்று அடுத்த படிகள் உண்டு. அது நிபுணர் கையில்.

செருகல் என்று உறுதியானால்

குட்டையான சிறுகுடல் செருகல், குழந்தை தெம்பாக இருக்கிறது, டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்றால் டிரிப்ஸ் போட்டு, மூக்குக் குழாய் வைத்து, சில மணி நேரத்தில் மறு ஸ்கேன் பார்ப்பார்கள். பல தானே விலகும். நீளம் 3.5 செ.மீ. தாண்டினால் தானே விலகும் வாய்ப்பு குறைவு. பெருங்குடலுக்குள் நுழைந்த வகை என்றால் மட்டும், துளை இல்லை என்று உறுதிசெய்து, காற்று அழுத்தத்தால் தள்ளிப் பார்ப்பார்கள்.

மற்றவற்றுக்கு அறுவை. உள்ளே போன குடலைப் பிடித்து இழுப்பதில்லை, இழுத்தால் கிழியும். தூர முனையிலிருந்து பற்பசைக் குழாயைப் பிதுக்குவது போல மெல்லப் பின்னோக்கித் தள்ளுவார்கள். விடுபட்ட துண்டு கறுத்திருந்தால், வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியால் சில நிமிடம் மூடி நிறம் திரும்புகிறதா என்று பார்த்து, திரும்பாவிட்டால் மட்டும் வெட்டி இணைப்பார்கள். எச்எஸ்பியில் அறுவை செய்து திறந்தால் சிறுகுடல் முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்து பார்ப்பதற்குப் படுமோசமாக இருக்கும்; அதில் பெரும்பகுதி தானே ஆறக்கூடியது.

சில குழந்தைகளுக்குக் குடல் வழியே புரதம் கசிந்து ஆல்புமின் இறங்கி, முகமும் காலும் வீங்கும். சிறுநீரில் புரதம் இல்லாமல் வீக்கம் இருந்தால் இதை நினைக்க வேண்டும். கணையம் வீங்குவது, பித்தப்பை உப்புவது, மாதங்கள் கழித்துக் குடல் ஒரு இடத்தில் சுருங்கிப்போவது எல்லாம் அபூர்வம். குணமான பிறகும் சாப்பிட்டால் உப்பி வாந்தி வந்தால் அந்தக் கடைசியை மறக்கக் கூடாது. பையன்களுக்கு விதைப்பை வீங்கலாம். அது எச்எஸ்பிதான் என்று விடாமல், விதை முறுக்கிக்கொள்ளவில்லை என ஸ்கேனில் உறுதிசெய்ய வேண்டும்.

புள்ளி எச்எஸ்பி போல இல்லாமல், வாரக்கணக்கில் காய்ச்சல், உயர் ரத்த அழுத்தம், எடை இழப்பு ஆகியவற்றோடு வயிறு வலித்தால் பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசா போன்ற நடுத்தர ரத்தக்குழாய் நோய்களைத் தேட வேண்டும். வாய்ப்புண் அடிக்கடி வந்து, கூடவே வயிறு வலித்தால் பெஷெட் நோய். இவற்றுக்கு மருந்தும் வேறு, தீவிரமும் வேறு.

திரும்பச் சாப்பிட ஆரம்பிக்கும்போது

வலி ஒரு நாள் முழுக்க இல்லாமல் இருந்த பிறகு, முதலில் தண்ணீர், இளநீர் (சிறுநீரகம் சரியாக இருந்தால்), வடிகட்டிய கஞ்சி என்று 30 மி.லி. அளவில் அடிக்கடி. தாங்கினால் மறுநாள் குழைந்த சாதம், இட்லி, மோர். ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுத்தால் அன்றே வலி திரும்பும். பட்டினியிலிருந்து வந்த குழந்தை கெஞ்சும், பாட்டி இரக்கப்படுவார், அங்கேதான் உறுதி தேவை. காரம், பொரித்தது எல்லாம் இரண்டு வாரம் கழித்து.

மூன்றில் ஒரு குழந்தைக்கு நோய் மறுபடி வரும், பெரும்பாலும் நாலு மாதத்துக்குள், பெரும்பாலும் முதல் தடவையைவிட லேசாக. வயிற்று வலி திரும்பினால் நோட்டும் திரும்ப வெளியே வரட்டும்.

வயிறு அடங்கிய பின்னும் சிறுநீர்ச் சோதனையும் ரத்த அழுத்தமும் 6 மாதம்: முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். காலையில் எழுந்ததும் பிடித்த சிறுநீராக இருக்கட்டும். கோலா நிறத்தில் போனாலோ நுரை நிற்காமல் மிதந்தாலோ அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே கொண்டு போங்கள், டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் படங்களையும் அதே பையில் போட்டு.